அரித்துப்போன பென்னிகளை என்ன செய்கிறீர்கள்?

கேள்வி: 2025 மார்ச் 8

வங்கியில் 25 டாலர் கொடுத்து ஒரு பாக்ஸ் பென்னி (அமெரிக்க ஒரு சென்ட் காசு) வாங்கி, செம்புக் காசும் பழைய காசும் தேடி முதல்முறையாகப் பிரித்துப் பார்த்தேன். 2,500 காசில் செம்பு 430 தேறியது. கோதுமைக் கதிர் போட்ட பழையது 6. ஆனால் ஐம்பது அறுபது காசு கையில் எடுக்கவே கூச்சமாக இருந்தது. சில பச்சை, சில கறுப்பு, சிலவற்றில் விளிம்பே இல்லை, சில பொரித்த அப்பளம் மாதிரி புடைத்திருக்கின்றன. துருப்பிடித்த இந்தக் காசுகளை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவதைவிடக் குப்பையில் போடுவதே மேல் என்று நினைக்கிறேன். அல்லது வினிகரில் உப்புப் போட்டு ஊற வைத்தால் தேறுமா?

பதில்: மார்ச் 8, இரவு 11 மணி

கழுவாதீர்கள். மற்றதை நாளைக்கு எழுதுகிறேன்.

மார்ச் 9

தம்பி, "துரு" என்று எழுதியிருக்கிறீர்கள். துரு இரும்புக்கு வருவது. செம்புக்கு வருவது களிம்பு. துத்தநாகம் கெடுவதற்கு நம் வீடுகளில் தனியாகச் சொல் தேவைப்பட்டதே இல்லை. நான் அழுகல் என்கிறேன். பார்த்தால் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும். பிரிக்கும்போது இந்த வித்தியாசம்தான் முக்கியம். நீங்கள் சொன்ன அறுபது காசில் இருப்பது ஒரே நோய் அல்ல.

1982 வரை பென்னி 95 சதவீதம் செம்பு, எடை 3.11 கிராம் (1982-ல் மட்டும் இரண்டு வகையும் உண்டு). அதன்பின் உள்ளே முழுக்கத் துத்தநாகம், மேலே செம்பு முலாம். மொத்த எடையில் செம்பு 2.5 சதவீதம்தான், காசின் எடை 2.5 கிராம். முலாமில் ஒரு கீறல் விழுந்து அதில் ஈரம் பட்டால் போதும். பள்ளிக்கூடத்தில் எலுமிச்சம்பழத்தில் ஒரு பக்கம் துத்தநாகத் தகடும் மறுபக்கம் செம்புக் கம்பியும் குத்திப் பேட்டரி செய்து காட்டுவார்களே, அதேதான் இந்தக் காசுக்குள் நடக்கிறது. கரைவது எப்போதும் துத்தநாகம். செம்புத் தோல் அப்படியே இருக்க, உள்ளே குடைந்துகொண்டே போகும். வெளியே வரும் வெள்ளைப் பொடி தோலைத் தூக்கும். நீங்கள் பார்த்த அப்பளம் அதுதான். காரில் காபிக் கோப்பை வைக்கிற குழியில் சோடா சிந்தி, அதிலேயே இரண்டு வருடம் கிடந்த காசுகளை எடுத்துப் பாருங்கள்.

என் மேஜையில் மூன்று டப்பா. மூன்றும் அந்த நீல டேனிஷ் பிஸ்கட் டப்பாக்கள் (ஆமாம், எங்கள் வீட்டிலும் ஒன்றில் ஊசி நூல்தான் இருக்கிறது). ஒன்று செம்பு. ஒன்று துத்தநாகம். மூன்றாவதில் என் மகள் எட்டு வயதில் "நரகம்" என்று எழுதி ஒட்டினாள். வெள்ளைப் பொடியோ சாம்பல் குழியோ தெரிந்தால் நேராக நரகம். பச்சை தெரிந்தால் கை நிற்க வேண்டும்.

நரக டப்பாவை மற்றதோடு சேர்த்து வைக்காதீர்கள். அழுகின மாம்பழம் ஒன்று கூடையையே கெடுக்கும்.

மார்ச் 9, கொஞ்ச நேரம் கழித்து

ஆண்டு பார்க்காமல் எதையும் நரகத்தில் போடக் கூடாது என்பதை எழுத மறந்துவிட்டேன். 1982 என்றால் தராசு. 1983 என்றாலும் தராசு, ஏனென்றால் பழைய செம்பு வில்லையில் (அச்சு விழாத வெறும் வட்டத் தகடு) தவறுதலாக அடித்த 1983 காசுகள் ஒன்றிரண்டு உண்டு, அவை ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகும். 1982-ல் டென்வர் நாணயச்சாலை அடித்த சின்னத் தேதி பென்னி (ஆண்டு எண் சிறிதாக இருக்கும் வகை) செம்பில் கிடையவே கிடையாது என்று நெடுங்காலம் நம்பினார்கள். 2016-ல் ஒன்று வெளியே வந்தது. அது அழகான நிலையில் இருந்தால்தான் நம் கண்ணில் படும் என்று என்ன கட்டாயம்?

எனக்குக் கிடைத்ததா என்று கேட்காதீர்கள்.

மார்ச் 11

தராசு இல்லாதவர் ஒருவர் கேட்டிருக்கிறார். சுண்டிப் பாருங்கள். நம் பெரியவர்கள் வெள்ளி ரூபாயைச் சுண்டிக் காதில் வாங்கிக்கொண்டுதான் பையில் போட்டார்கள். செம்புப் பென்னி மேஜையில் விழுந்தால் "கிண்" என்று இழுக்கும். துத்தநாகம் "டொக்", சட்டைப் பொத்தான் விழுந்த மாதிரி.

ஆனால் அரித்த காசில் இந்த வித்தை எடுபடாது. களிம்பு தடித்துவிட்டால் செம்பும் டொக்தான். நேற்று இதில் ஏமாந்து ஒரு 1968-ஐத் துத்தநாகத்தில் போட்டேன்.

ஆகவே பத்துப் பன்னிரண்டு டாலர் கொடுத்து 0.01 கிராம் காட்டுகிற ஒரு தராசு வாங்கிவிடுங்கள். மண்ணில் கிடந்து இளைத்த செம்பு என் தராசில் 2.9 வரை இறங்கியிருக்கிறது. அழுகின துத்தநாகம் 2.2, ஒருமுறை 1.9 கூட வந்தது. இரண்டும் நடுவில் சந்தித்ததை நான் இதுவரை பார்க்கவில்லை.

மார்ச் 14

"கழுவாதீர்கள்" என்று அன்று வெடுக்கென்று சொன்னதற்குக் காரணம் கேட்டிருக்கிறார்கள். சொல்கிறேன், சிரிக்கக் கூடாது.

2018. ஒரு ரோலில் (ஐம்பது காசைச் சுற்றிய கட்டு) பச்சையும் கறுப்புமாக ஒரு கோதுமைக் கதிர் பென்னி. லிங்கன் தலை நிழலாகத் தெரிகிறது, ஆண்டு 192 என்பது வரை படிக்க முடிகிறது, கடைசி எண் தெரியவில்லை. அந்த வாரம் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். குத்துவிளக்குக்குப் புளி போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். பித்தளைக்கு ஆகும் புளி செம்புக்கு ஆகாதா? கொட்டை எடுத்த புளியில் கல்லுப்பு கலந்து, கட்டைவிரலால் தேய்த்தேன். இரண்டே நிமிடம். பளபளவென்று ரோஜா நிறத்தில் வந்தது. அம்மாவுக்கே பெருமை.

கடைசி எண் 4. கீழே ஒரு குட்டி "டி". 1924, டென்வர். மொத்தமே 25 லட்சத்துச் சொச்சம்தான் அடித்தார்கள். பென்னிக் கணக்கில் இது மிகக் குறைவு.

காசுக் கடைக்காரரிடம் எடுத்துப் போனேன். மனிதர் லென்ஸைக் கண்ணில் வைத்தார், எடுத்தார், என்னைப் பார்த்தார். "எதில் கழுவினாய்?" என்று கேட்டார். புளிக்கு ஆங்கிலம் சொல்லி விளக்குவதற்குள் அவர் காசைத் திருப்பித் தந்துவிட்டார். கழுவாமல் இருந்திருந்தாலும் பெரிய விலைக்குப் போகாது, அரித்த காசுதானே. ஆனால் கழுவியபின் அது அரித்த காசு, கழுவிய காசு என்று இரட்டைத் தோஷம் பெற்றுவிட்டது. களிம்பு எங்கெல்லாம் தின்றிருந்ததோ அங்கெல்லாம் இப்போது அம்மைத் தழும்பு. களிம்பு இருந்தவரை அந்தக் குழிகளை அதுவே மூடிக்கொண்டிருந்தது.

இன்னும் வைத்திருக்கிறேன். ஏழு வருடத்தில் அது மறுபடி பழுப்பாகிவிட்டது, ஆனால் இயற்கையான பழுப்பு அல்ல. தலைக்குச் சாயம் அடித்தது தெரிகிற மாதிரி தெரியும்.

மார்ச் 15

டெக்சாஸிலிருந்து எழுதும் அக்கா ஒருவர் சைவ சித்தாந்தத்தை இழுத்துவிட்டார். சரியாகத்தான் இழுத்திருக்கிறார். செம்பில் களிம்பு போல உயிரில் ஆணவமலம் என்ற அழுக்கு, அது இடையில் வந்து ஒட்டியதில்லை, கூடவே இருப்பது. புளி போட்டுத் தேய்த்தால் போன மாதிரி இருக்கும், நாளைக்கு வரும். ரசகுளிகை (ரசவாதிகளின் பாதரச உருண்டை) பட்டுச் செம்பு பொன்னானால்தான் அதற்கு விமோசனம்.

ரசகுளிகை எங்கள் ஊர் வால்மார்ட்டில் இல்லை, அக்கா.

ஏப்ரல் 2

ஒன்றுமே செய்யக் கூடாதா என்று கேள்வி கேட்ட தம்பி மறுபடி வந்திருக்கிறார். செய்யலாம். பச்சை எந்தப் பச்சை என்று முதலில் பாருங்கள்.

தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டும் இளம்பச்சை என்றால் அது பழைய பிளாஸ்டிக் உறையிலிருந்து வந்தது. பி.வி.சி. பிளாஸ்டிக் உறையை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள்கள் கசிந்து காசைப் பிடிக்கும். இதற்கு அசிட்டோன். சுத்தமான அசிட்டோன், பெயின்ட் கடையில் டின்னில் விற்பது. நகப்பூச்சு அழிக்கும் திரவம் வேண்டாம், அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, காசைப் போட்டு, மூடி, ஒரு மணி நேரம். ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பு எரியக் கூடாது. தேய்க்கவே கூடாது.

கண்ணாடிக் குடுவை என்பதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், முதல்முறை கைக்குக் கிடைத்தது என்று தெர்மாகோல் கப்பில் ஊற்றினேன். அடி கரைந்து, அசிட்டோன் மேஜைக்கு வந்து, மேஜையின் வார்னிஷும் கிளம்பிவிட்டது. தெர்மாகோல் என்றதும் வைகை அணையை நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளலாம். என்னுடையது அதைவிடச் சின்னத் திட்டம், ஆனால் முடிவு அதே மாதிரி.

கெட்டியாக ஒட்டிய கரும்பச்சை என்றால் மினரல் ஆயில். மாதக்கணக்கில் ஊறட்டும். ஆலிவ் எண்ணெய் என்று சிலர் சொல்வார்கள். அதில் லேசான அமிலம் உண்டு, நாள்பட்டால் நிறம் மாறும். நான் அதை விட்டுவிட்டேன். ஊறிய பிறகு மூங்கில் பல்குச்சியை நனைத்து நெருடினால் கொஞ்சம் வரும். வந்தவரைக்கும்தான்.

ஏப்ரல் 3

மூன்றாவது பச்சையை விட்டுவிட்டேன். வெளிர்பச்சை, பொடியாக உதிரும், துடைத்தால் ஒரு மாதத்தில் அதே இடத்தில் திரும்ப வரும். உப்பு உள்ளே புகுந்த செம்பில் வருவது. உப்பின் குளோரைடு செம்போடு சேர்ந்து நிற்கும், காற்றும் ஈரமும் பட்டதும் அமிலமாகி அடுத்த சுற்றுச் செம்பைத் தின்னும். அருங்காட்சியகக்காரர்கள் இதை வெண்கல நோய் என்பார்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பரமசிவன் என்ற வேதியியலாளர் 1930-களிலேயே மின்பகுப்பு முறையில் பழைய வெண்கலச் சிலைகளுக்கு வைத்தியம் பார்த்தார். சோழர் காலத்து நடராசருக்கு அது தகும். கடற்கரை மணலில் கிடந்த 1975 பென்னிக்கு வேண்டாம்.

மே 18

மாம்பழக் கதையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இரண்டு வருடமாக நிலவறையில் இருந்த துத்தநாக டப்பாவை இன்று திறந்தேன். நரகத்தை அல்ல, நல்ல காசு டப்பாவை. போடும்போது பளபளத்த 2010-க்குப் பிந்தையவை பாதிக்குப் பாதி கறுத்துப் புள்ளி விழுந்திருக்கின்றன. அழுகினது ஒன்றுகூட அதில் இல்லை, நானே ஒவ்வொன்றாகப் பார்த்துப் போட்டது. அதே அலமாரியில், ஆனால் மேல்தட்டில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இருந்த நரக டப்பா போன வருடம் இருந்தபடியே இருக்கிறது.

ஆக, அழுகல் ஒரு காசிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதில்லை. நிலவறை ஈரம்தான் வில்லன். உப்பு படிந்த காசு பக்கத்துக் காசுக்கு உப்பைக் கொடுக்கலாம், அவ்வளவுதான். சொல்லப்போனால் ஈரத்தில் செம்பும் துத்தநாகமும் உரசிக்கொண்டு கிடந்தால் துத்தநாகம் தான் கரைந்து செம்பைக் காப்பாற்றும். ஆனால் அந்த வெள்ளைப் பசை செம்பின்மேல் அப்பும், அது காய்ந்தால் பிய்ப்பது பெரும்பாடு. தனியாக வையுங்கள் என்பது சரி. நான் சொன்ன காரணம் தவறு.

ஜூன் 7

இந்த வார பாக்ஸில் உண்மையான துரு ஒன்று! 1943. போரில் செம்பு தோட்டாக்களுக்குப் போனதால் அந்த ஒரு வருடம் பென்னியை எஃகில் அடித்தார்கள், மேலே துத்தநாக முலாம். முலாம் பூசிய தகட்டிலிருந்துதான் வில்லைகளை வெட்டினார்கள். அதனால் வெட்டுப்பட்ட விளிம்பில் முலாம் கிடையாது. துரு அங்கிருந்து தொடங்கும். என்னுடையதிலும் சுற்றிவரச் செந்நிறம், முகத்தில் லிங்கன் சாம்பலாக உட்கார்ந்திருக்கிறார். காந்தத்தில் டப்பென்று ஒட்டிக்கொண்டது.

1943 பளபளவென்று கிடைத்தால் அவசரப்பட்டு வாங்காதீர்கள். பழையதற்குப் புதிதாக முலாம் போட்டு விற்பது நெடுநாளைய வியாபாரம்.

காந்தத்தில் ஒட்டியவை எல்லாம் 1943 அல்ல. 2000-க்குப் பிந்தைய கனடா பென்னி பெரும்பாலும் எஃகு. ஒரு பாக்ஸுக்கு நாலைந்து வருகிறது. கனடா 2012-லேயே அடிப்பதை நிறுத்திவிட்டது, ஆனால் அந்தக் காசுகள் இன்னும் எங்கள் ஊர் ரோல்களில் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

ஜூலை 20

"இரட்டை அச்சு (எழுத்தோ உருவமோ இரண்டாகப் பதிந்த காசு) கிடைத்தது, விலை என்ன?" என்று மங்கலான படத்தோடு இந்த மாதம் மூன்றாவது கேள்வி. கேலி செய்ய எனக்குத் தகுதி இல்லை. 2017-ல் நானே ஒரு 1997 பென்னியில் எழுத்துகள் இரட்டையாகத் தெரிந்தன என்று இரவு இரண்டு மணிக்கு மனைவியை எழுப்பினேன். முலாம் இழுபட்டுக் கிழிந்து, எழுத்தின் ஓரமாகத் துத்தநாகம் வெள்ளிக் கோடாகத் தெரிந்திருக்கிறது. வேறொன்றில் கொப்புளம் லிங்கனுக்கு இரண்டாவது காது கொடுத்திருந்தது. 1984-ல் இரட்டைக் காது உண்மையிலேயே உண்டு என்பதால்தான் இந்த வம்பு.

பழகிய வழி: பல்குச்சியால் மெதுவாக அமுக்குங்கள். கொப்புளம் என்றால் அமுங்கும். நல்ல காசாக இருந்துவிட்டால்? அதனால்தான் பல்குச்சி, ஊசி அல்ல.

மனைவி இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறார்.

ஆகஸ்ட் 23

நரக டப்பாவை எப்படிக் காலி செய்கிறேன் என்று நான் சொல்லவே இல்லை என ஒருவர் பிடித்துவிட்டார். தவிர்த்துக்கொண்டுதான் வந்தேன்.

நாலைந்து வருடம் செய்தது இது: நல்ல துத்தநாகத்தைத் திரும்ப ரோல் செய்யும்போது, ஒரு ரோலுக்கு இரண்டு அழுகல், நடுவில். ஐம்பதுக்கு இரண்டு. யாருக்குத் தெரியப்போகிறது? ஊரில் செல்லாக்காசை உண்டியலில் போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள் இல்லையா, அந்த ரகம்.

ஒருநாள் வங்கிக் கவுன்ட்டரில் இருந்த அம்மா ஒரு ரோலை என் கண்ணெதிரே உடைத்தார். நடுவில் என் பொக்கிஷம். திட்டவில்லை. ஒரு காகிதத் துண்டால் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "இது மெஷினில் மாட்டிக்கொண்டால் நான்தான் திறந்து எடுக்க வேண்டும்" என்று மட்டும் சொன்னார். அன்றோடு நிறுத்தினேன்.

காசு எண்ணும் மெஷின் ஓரளவு அரித்ததை எடுத்துக்கொள்ளும், எடை தவறினால் கீழே துப்பிவிடும். துப்பியதைத் திரும்பத் திரும்பப் போட்டு அதனோடு சண்டை போடும் மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் போட்டிருக்கிறேன். மொத்தத் தொகை பதினோரு சென்ட்.

உருக்கிவிடலாம் என்று எழுதியவருக்கு: கூடாது. பென்னியையும் நிக்கலையும் (ஐந்து சென்ட் காசு) உருக்க 2006 டிசம்பரில் தடை போட்டார்கள். பத்தாயிரம் டாலர் வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை. செம்புப் பென்னியின் உலோக மதிப்பு முகமதிப்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் என்பதால் வந்த தடை. ஒரு பவுண்டுக்கு 146 காசு வரும். அதனால்தான் செம்பை எல்லோரும் டப்பாவில் சேர்த்து வைக்கிறோம். எந்தக் காலத்திலாவது தடை நீங்கும் என்று.

தரையில் மட்டும் சிதற விடாதீர்கள். நாய் விழுங்கினால் வயிற்று அமிலத்தில் துத்தநாகம் கரைந்து ரத்த அணுக்களை உடைக்கும். ஒரே ஒரு காசு போதும். குழந்தைகள் இருக்கும் வீட்டிலும் கவனம். வெள்ளைப் பொடி பட்ட கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். நான் முறுக்குத் தின்றுகொண்டே பிரித்தவன், அதனால் சொல்கிறேன்.

நவம்பர் 13

நேற்று ஃபிலடெல்பியாவில் புழக்கத்துக்கான கடைசிப் பென்னியை அடித்துவிட்டார்கள். 1793-ல் தொடங்கியது. 2024 நிதியாண்டில் ஒன்றை அடிக்க 3.69 சென்ட் ஆனதாம்.

எங்கள் வங்கியில் பாக்ஸ் வருவது சில வாரங்களாகவே நின்றுவிட்டது. "கையில் இருப்பதைக் கொண்டு வந்தால் வாங்கிக்கொள்கிறோம், தருவதற்கு இல்லை" என்கிறார் அந்த அம்மா.

மார்ச்சில் குப்பையில் போடலாம் என்று தாம் நினைத்த காசுகளுக்கு இப்போது மதிப்பு ஏறுமா என்று தம்பி கேட்கிறார். ஏறாது. கோடிக்கணக்கில் வீட்டு ஜாடிகளில் கிடக்கின்றன. ஆனால் ஒன்று தோன்றுகிறது: புதிது வராவிட்டால், ஜாடியில் கிடக்கும் துத்தநாகம் வருடத்துக்கு வருடம் அழுகிக்கொண்டுதான் போகும். 1950-களின் பென்னி நன்றாக இருக்கும், 1990-களின் பென்னி பொடியாகியிருக்கும். நல்ல நிலையில் உள்ள துத்தநாகத்தைத் தேடிப்பிடிக்கும் காலம் வரலாம். மே மாதத்து டப்பாவில் நல்லதாக மிஞ்சியவற்றை நேற்று இரவு தனியாக எடுத்து, சிலிக்கா ஜெல்லோடு மேல்தட்டில் வைத்தேன்.

இதை எழுதிவிட்டுத் திரும்பப் படித்தால் சீட்டுக் கம்பெனி விளம்பரம் மாதிரி இருக்கிறது. யாரும் இதை நம்பிப் பணம் போட வேண்டாம்.

நவம்பர் 30

நரகத்தைத் தராசில் வைத்தேன். 1.6 கிலோ. சுமார் எழுநூறு காசு, ஏழு டாலர். வங்கி அம்மாவிடம் முன்கூட்டியே கேட்டேன். தனிப் பையில், மேலே எழுதி, மெஷின் பக்கம் போகாமல் கொண்டுவந்தால் மேலாளரிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். கேட்டார். முகம் தெரிகிறவற்றை மட்டும் எடுத்துக்கொள்வார்களாம்.

ஆகவே இன்று ஞாயிற்றுக்கிழமை, முகம் தெரிகிறதா என்று எழுநூறையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மகளுக்கு இப்போது பதினாறு. எதிரே உட்கார்ந்து தெரிகிறது, தெரியவில்லை என்று பிரித்துக் கொடுக்கிறாள்.

நவம்பர் 30, இரவு

முகம் தெரிகிறது 512. தெரியவில்லை 188. அந்த 188-ல் ஒன்று 3.04 கிராம் காட்டியது. மகள்தான் கவனித்தாள். கறுப்பாக, ஒரு பக்கம் முழுக்கத் தார் போல ஏதோ அப்பியிருக்கிறது. ஆண்டு தெரியவில்லை. மினரல் ஆயிலில் போட்டிருக்கிறேன்.

புளி இருக்கும் டப்பாவை மனைவி மேல் அலமாரிக்கு மாற்றிவிட்டார்.